'சீலிங்' என்னும் சொல் யார் தலைக்கு மேல் நிற்கிறது?

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் கலந்துகொண்டேன். பேச்சு இடஒதுக்கீட்டைப் பற்றியது. 50 விழுக்காட்டு உச்சவரம்பை மீற முடியுமா, முடியாதா என்று விவாதம் சூடேறிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "இந்த 50 விழுக்காடு அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது?" ஒருவர் 16(4) என்றார். இன்னொருவர் 340 என்றார். மூன்றாமவர், அது மண்டல் வழக்குத் தீர்ப்பில்தான் இருக்கிறது, சட்டத்தில் இல்லை என்றார். மூவர் சொன்னதும் முழுமையாகச் சரியில்லை. அவசரத்தில் நான் சொன்ன பதிலும் அப்படித்தான். வீடு திரும்பிய பிறகு அரசமைப்புச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 'சீலிங்' என்ற ஆங்கிலச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினேன். கிடைத்ததைப் பகிர்ந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை.

முதலில் சொல்லின் பொருள். வீட்டைப் பொறுத்தவரை சீலிங் என்பது கூரை அன்று. கூரைக்குக் கீழே, அறையின் உட்புறத்தில் நம் தலைக்கு மேல் தெரியும் பரப்பு. அலுவலக மொழிக்குள் இச்சொல் நுழைந்தபோது, 'இதற்கு மேல் போகக் கூடாது' என்று ஓர் அதிகாரம் விதிக்கும் அளவு என்ற பொருளைப் பெற்றது. செலவுக்குச் சீலிங், விலைக்குச் சீலிங், நிலத்துக்குச் சீலிங், வருமானத்துக்குச் சீலிங். 'லிமிட்' என்ற சொல் எந்தத் திசையிலும் இருக்கக்கூடிய எல்லையைக் குறிக்கும். சீலிங் மேல்நோக்கிய எல்லையை மட்டுமே குறிக்கும். கீழே எவ்வளவு இருக்க வேண்டும் என்பது குறித்து அச்சொல் எதுவும் பேசாது.

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் உச்சவரம்பு. வரம்பு என்றால் வயலின் வரப்பு. நெல் வயலில் ஒருவரின் நிலம் முடிந்து அடுத்தவர் நிலம் தொடங்குமிடத்தைக் காட்டும் மண்கரை. அந்தக் கரையை ஆண்டுதோறும் வெட்டிச் சீர்செய்தவர்களுக்கு, கரையின் எந்தப் பக்கத்திலும் நிலம் இருந்ததில்லை. மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனாலும், தமிழக ஊர்களில் இந்தச் சொல் முதலில் கேட்டது நிலத்தை ஒட்டித்தான். 'சீலிங்கில் போன நிலம்', 'சீலிங்குக்குப் பயந்து எழுதிவைத்தது' என்று இன்றும் காவிரிப் படுகையின் முதியவர்கள் பேசுவதைக் கேட்கலாம்.

அந்தச் சீலிங்கின் கதையைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் 58-ஆவது சட்டமாக நில உச்சவரம்புச் சட்டம் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். கூடுதலாக ஒவ்வோர் உறுப்பினருக்கும் 5 ஏக்கர் வீதம், மொத்தம் 60 வரை. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது நிலத்தின் தீர்வையை வைத்துக் கணக்கிடப்படுவது. புன்செய் நிலமாக இருந்தால் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது உண்மையில் மூன்று, நான்கு ஏக்கராக விரியும். இவை போக, பெண்களின் பெயரில் சீதன நிலம் 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை தனியே அனுமதிக்கப்பட்டது. சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு விலக்கு. மலைத் தோட்டங்களுக்கு விலக்கு. தோப்புகளுக்கும் ஆலைகளின் கரும்பு நிலங்களுக்கும் முதலில் விலக்கு. வரப்பு என்று ஒன்றைப் போட்டுவிட்டு, அதில் எத்தனை மடை வைக்க முடியுமோ அத்தனையும் வைத்தார்கள். மடைகள் போதாதவர்களுக்குப் பினாமி இருந்தது: பண்ணையாளின் பெயரில், கணக்குப்பிள்ளையின் பெயரில், பிறக்காத குழந்தையின் பெயரில்கூட நிலம் எழுதப்பட்டதாக அந்தக் காலத்தைக் கண்டவர்கள் சொல்வதுண்டு.

இச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் காரணம். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று இன்றும் நம் நினைவில் நிற்கிறது: இவர்களுள் பலர் செல்வந்தர்கள், பரந்த நிலங்களுக்குச் சொந்தக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இத்தகையோர் தாமே நேரில் வந்து இதைச் செய்திருப்பார்கள் என்பது நீதிமன்றத்துக்கு வியப்பாக இருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு விதித்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும், 'பரந்த நிலங்களின் உரிமையாளர்' என்பது ஒருவரின் நற்சான்றாக நீதிமன்றத்தில் நின்றது. அந்த நிலம் உச்சவரம்புக்கு உட்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

1970-இல் உச்சவரம்பு 30-லிருந்து 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைக்கப்பட்டது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. உபரி நிலம் கையகப்படுத்தப்பட்டு, அதில் ஒரு பகுதி தலித்துகளுக்கும் வந்தது. ஆனால் அதே சட்டத்தில் பின்னர் 37-ஏ என்ற பிரிவு வந்தது. தொழில், வணிக நோக்கத்துக்காக உச்சவரம்பைத் தாண்டி நிலம் வைத்துக்கொள்ள அரசு அனுமதி வழங்கலாம் என்கிறது அது. நகர்ப்புற நிலத்துக்கென்று 1978-இல் தனியே கொண்டுவரப்பட்ட உச்சவரம்புச் சட்டம் 1999-இல் முற்றாக நீக்கப்பட்டது. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2020-இல், கொரோனா ஊரடங்குக் காலத்தில், முதலில் அவசரச் சட்டமாகவே விவசாய நில உச்சவரம்பு இரட்டிப்பாக்கப்பட்டது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 10 அலகு என்றிருந்தது 20 ஆனது. இவற்றைச் செய்வதற்கு யாரும் 'அசாதாரணச் சூழ்நிலை' இருப்பதாக மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சொற்றொடரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அரசமைப்புச் சட்டத்துக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1964 மார்ச் மாதத்தில், சமத்துவத்துக்கு எதிரானது என்று கூறிச் செல்லாததாக்கியது. சில மாதங்களில் நாடாளுமன்றம் 17-ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, அச்சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. நாம் பாடப்புத்தகங்களில் படிப்பது இதுவரைதான். அதே திருத்தம் 31ஏ பிரிவில் ஒரு காப்பு வாசகத்தையும் சேர்த்தது. ஒருவர் தாமே பயிரிடும் நிலத்தில், அவருக்குரிய உச்சவரம்புக்கு உட்பட்ட பகுதியை அரசு எடுப்பதானால், சந்தை மதிப்புக்குக் குறையாத இழப்பீட்டைத் தந்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். 'சீலிங் லிமிட்' என்ற சொற்கள் அங்கே வருகின்றன. அச்சொல் அந்தப் பிரிவில் செய்யும் வேலையைக் கவனியுங்கள்: உச்சவரம்புக்கு மேலிருப்பதை எடுக்கச் சொல்வதைவிட, கீழிருப்பதைப் பாதுகாக்கிறது. நிலவுடைமையாளருக்கு அது கவசம்.

இரண்டாவது முறை அச்சொல்லை நான் கண்டது 16(4பி) பிரிவில். 2000-ஆம் ஆண்டு, 81-ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டது. நிரப்பப்படாமல் விடப்பட்ட ஒதுக்கீட்டு இடங்களை அடுத்த ஆண்டில் நிரப்பும்போது, அவற்றை அந்த ஆண்டின் '50 விழுக்காட்டுச் சீலிங்' கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது அது. அந்த மாணவியின் கேள்விக்கு விடை இதுதான். 50 என்ற எண்ணும் சீலிங் என்ற சொல்லும் அரசமைப்புச் சட்டத்துக்குள் ஒன்றாக வருகின்றன. ஆனால் அது வரம்பை விதிக்கும் வாசகம் அன்று. வெளியே நீதிமன்றம் விதித்த வரம்பிலிருந்து ஒரு விலக்கைத் தருவதற்காக, அந்த வரம்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வாசகம்.

அப்படியானால் அந்த வரம்பு எங்கிருந்து வந்தது? 1962 ஜூலையில் மைசூர் அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் மொத்தம் 68 விழுக்காடு இடங்களை ஒதுக்கி ஆணையிட்டது. பாலாஜி வழக்கில் அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. பொதுவாகச் சொல்வதானால், சிறப்பு ஏற்பாடு 50-க்குக் குறைவாக இருக்க வேண்டும்; எவ்வளவு குறைவு என்பது அந்தந்தச் சூழலைப் பொறுத்தது என்ற அளவில்தான் நீதிபதிகள் பேசினார்கள். ஏன் 50, ஏன் 60 இல்லை என்பதற்குக் கணக்கு எதுவும் அங்கே இல்லை. பொதுவாகச் சொல்லப்பட்ட ஒன்று சட்டமாக இறுகுவதற்கு ஓராண்டு போதுமானதாக இருந்தது.

1963-இல் தேவதாசன் வழக்கு. இவ்வழக்கைப் பற்றித் தலித் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன்; ஏனெனில், 50 விழுக்காட்டு விவகாரம் பிற்படுத்தப்பட்டோர் சிக்கல் மட்டுமே என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஒன்றிய அரசுப் பணியில் அப்போது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 17.5 விழுக்காடு ஒதுக்கீடு. தகுதியானவர் இல்லை என்று சொல்லி இடங்களை நிரப்பாமல் விட்டால், அவற்றை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம் என்று விதி இருந்தது. அப்படிச் சேர்ந்த இடங்களால் ஓராண்டில் 45 பணியிடங்களில் 29 ஒதுக்கீட்டுக்குச் சென்றன. அது 50-ஐத் தாண்டுகிறது என்று விதியையே நீதிமன்றம் செல்லாததாக்கியது. நீதிபதி சுப்பாராவ் மட்டும் மாறுபட்டார். முந்தைய ஆண்டுகளில் நமக்குத் தராமல் விட்ட கடன், திருப்பித் தரும் ஆண்டில் 'மிகை' என்று கணக்கெழுதப்பட்டது. அதைச் சரிசெய்ய 37 ஆண்டுகள் கழித்து அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அதுதான் மேலே சொன்ன 16(4பி).

1992-இல் இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 50-ஐ விதியாக்கியது. தொலைதூர, ஒதுங்கிய பகுதிகளின் மக்களைப் போன்ற அசாதாரணச் சூழ்நிலைகளில் மட்டும் தளர்த்தலாம் என்றது. மண்டல் குழு பிற்படுத்தப்பட்டோரின் தொகை 52 விழுக்காடு என்று மதிப்பிட்டபோதும் 27 மட்டுமே பரிந்துரைத்ததற்குக் காரணமும் இந்த வரம்புதான், 22.5-உடன் 27 சேர்ந்தால் 49.5.

இங்கே நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1948 நவம்பர் 30 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் பேசியபோது, ஒதுக்கீடு சிறுபான்மை அளவிலான இடங்களுக்குள் நிற்க வேண்டும் என்றார். 70 விழுக்காடு ஒதுக்கப்பட்டு 30 மட்டும் பொதுவில் விடப்பட்டால் வாய்ப்புச் சமத்துவம் என்ற கொள்கை என்னவாகும் என்றும் கேட்டார். 50-ஐ ஆதரிப்பவர்கள் இதைத் தவறாமல் எடுத்துக்காட்டுகிறார்கள். நம்மில் பலர் அந்தப் பேச்சே இல்லாததுபோல் கடந்துபோகிறோம். அது தேவையற்றது. எந்தச் சமூகங்கள் பிற்படுத்தப்பட்டவை என்பதை அந்தந்த மாநில அரசுகளே முடிவு செய்யும் என்றும் அதே பேச்சில் அவர் சொன்னார். எண் எதையும் வரைவில் எழுதவில்லை. எழுத விரும்பியிருந்தால் எழுதுவதற்கு அவர் கையில்தான் பேனா இருந்தது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு 330, 332 பிரிவுகளில் அளவு எழுதப்பட்டிருக்கிறது; அந்த அளவு மக்கள்தொகை விகிதம். மிசோரம் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 39 பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை. அங்கே யாரும் சீலிங் இடிந்துவிட்டது என்று அலறுவதில்லை.

2019-இல் 103-ஆவது திருத்தம் வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நீங்கலாக மற்றவர்களில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்கீடு. திருத்தத்தின் ஆங்கில வாசகத்தைப் படித்தால், சீலிங் என்ற சொல் அதில் இல்லை. 'தற்போதுள்ள ஒதுக்கீடுகளுக்குக் கூடுதலாக', 'அதிகபட்சம் 10 விழுக்காடு' என்று இருக்கிறது. வேறு சொல், வேறு தொனி. 'அதிகபட்சம்' என்பது கொடுப்பவர் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று சொல்வது. 'சீலிங்' என்பது பெறுபவர் எதற்கு மேல் கேட்கக் கூடாது என்று சொல்வது. 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மூவர்க்கு இருவர் என்ற கணக்கில் அத்திருத்தத்தை ஏற்றது. 50 விழுக்காட்டு வரம்பு வளையாத ஒன்று அன்று. மேலும், அது ஏற்கெனவே உள்ள சாதிவழி ஒதுக்கீடுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. அதாவது, சீலிங் நம் அறையில் மட்டும் இருக்கிறது.

வருமான வரம்பிலும் இதே கதைதான். அந்த 10 விழுக்காட்டில் இடம் கேட்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர் பள்ளிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை பெற வேண்டுமானால், 2021-இல் வெளியான ஒன்றிய அரசின் நெறிமுறைப்படி, பெற்றோரின் வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. உதவித்தொகையும் ஒதுக்கீடும் வேறுவேறு என்பது தெரியும். ஆனால், ஒரே அரசின் பார்வையில் 'ஏழை' என்பவர் யார் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

வளையாத பக்கத்துக்கு வருவோம். பீகார் அரசு சாதிவாரிக் கணக்கெடுப்பை நடத்தி 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. பட்டியல் சாதியினர் 19.65 விழுக்காடு. அதன் அடிப்படையில் அவர்களுக்கான ஒதுக்கீட்டை 16-லிருந்து 20 ஆகவும், பழங்குடியினருக்கு 1-லிருந்து 2 ஆகவும், மற்ற இரு பிற்படுத்தப்பட்ட பிரிவுகளுக்கும் உயர்த்தி, மொத்தத்தை 65 ஆக்கியது. 2024 ஜூன் 20 அன்று பாட்னா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊடகங்கள் இதைப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு ரத்து என்றே எழுதின. எண்ணி முடித்த தங்கள் மக்கள்தொகைக்கு ஈடாகப் பட்டியல் சாதியினருக்குக் கிடைத்த கூடுதல் 4 விழுக்காடும் அதே தீர்ப்பில் போனதை எழுதியவர்கள் குறைவு.

தமிழகத்திலும் இதே கேள்வி காத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. ஒதுக்கீடு, அருந்ததியருக்கான 3 விழுக்காட்டையும் உள்ளடக்கி, 18. அதை 20 ஆக்குங்கள் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், 69-ஐத் தொட்டால் ஆபத்து என்ற பதில் வருகிறது. அந்த அச்சம் முற்றிலும் பொய் அன்று. 69 விழுக்காட்டுக்கான 1994-ஆம் ஆண்டின் 45-ஆவது சட்டம் 76-ஆவது திருத்தத்தால் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அட்டவணையில் சேர்ந்த ஒரு சட்டத்தில் பின்னர் செய்யப்படும் திருத்தத்துக்கு அதே பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அட்டவணையில் சேர்ந்தவற்றை அடிப்படைக் கட்டமைப்பின் உரைகல்லில் சோதிக்கலாம் என்று 2007-இல் கோயல்ஹோ வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டின் நில உச்சவரம்புச் சட்டமும் 69 விழுக்காட்டுச் சட்டமும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. ஒன்று சீலிங் விதிப்பது. மற்றது சீலிங்கைத் தாண்டுவது. முன்னது 1964-இல் உள்ளே போனதால் கோயல்ஹோ தீர்ப்பின் சோதனை அதற்கு இல்லை. வலுவான பாதுகாப்போடு ஏட்டில் கிடக்கிறது. பின்னது அன்றாடம் பல்லாயிரம் மாணவர்களுக்குக் கல்லூரி வாயிலைத் திறக்கிறது; பாதுகாப்புதான் ஐயத்துக்குரியது.

வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. அதற்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. எண்கள் வெளிவந்ததும், விகிதப்படி ஒதுக்கீடு கேட்கும் ஒவ்வொரு மேடையிலும் 'சீலிங்' என்ற சொல் எதிரே நிறுத்தப்படும். அப்போது எந்தச் சீலிங், எந்த ஆண்டு, யார் விதித்தது, யாருக்கு விலக்களிக்கப்பட்டது என்று கேட்பதற்கான குறிப்புகளை வாசிப்பு வட்டங்கள் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த மாணவிக்கு நான் கடன்பட்ட பதிலை அடுத்த கூட்டத்தில் நேரில் சொல்லவிருக்கிறேன். 31ஏ, 16(4பி), 16(6) ஆகிய மூன்று பிரிவுகளின் ஆங்கில வாசகங்களையும் அருகருகே வைத்து வாசிப்பதாகத் திட்டம்.